யார் வாங்கின பூமி?

உங்க அப்பாவோட அப்பா பேரு தெரியும். ஓகே. அவரோட அப்பா பேரு? யோசிச்சு ஒருவழியா சொல்லிடுவீங்க. சரி, அவரோட மனைவி பேரு?

மாட்டிக்கிட்டீங்களா? கவலைப்படாதீங்க, நானும் அப்படித்தான் மாட்டினேன். ஆனா அந்த ஒரு பேர் தெரியாததால எங்க வீட்டுல ஒரு நில விற்பனையே நின்னுபோச்சு. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்ககிட்ட சொல்லப் போறேன். கதையோட சேர்த்து, உங்க ஊர் தோட்டத்தோட ஜாதகத்தை நீங்களே எப்படி எழுதறதுங்கிறதும் இருக்கு. செமஸ்டர் லீவுல ஊருக்குப் போறவங்க கிழிச்சு பாக்கெட்ல வெச்சுக்கங்க!

அந்த போன் கால்

சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பா போன் பண்ணினார். "அம்மிணி, அடுத்த வாரம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வா. தோட்டத்தைக் கொடுக்கலாம்னு இருக்கறேன். நீயும் தம்பியும் ஒரு கையெழுத்துப் போடோணும்."

அவ்வளவுதான். நாலு ஏக்கர். காங்கயம் பக்கத்தில், காற்றும் வெயிலும் மட்டும் குறைவில்லாமல் கிடைக்கிற ஒரு கிராமம். கிணறு வற்றி, போர்வெல் போட்டு, அதுவும் வற்றி, தென்னை பாதி மொட்டையாக நிற்கிற தோட்டம். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தம்பி கோவையில் படிக்கிறான். விற்பதில் என்ன தப்பு என்றுதான் நானும் நினைத்தேன்.

இந்த போன் இன்னும் உங்களுக்கு வரவில்லை என்றால், ஒருநாள் வரலாம். கிராமத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வரக்கூடிய போன் இது. 1970-71 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2.28 ஹெக்டேர். 2015-16 கணக்கெடுப்பில் அது 1.08 ஹெக்டேர். நம்ம தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், அதாவது ரெண்டு ஏக்கர்கூட முழுசா இல்லை. பாகம் பிரித்துப் பிரித்து நிலம் கைக்குட்டை சைஸுக்கு வந்தபிறகு, அடுத்த பாகம் பிரிக்க வழியில்லாமல் விற்கிறார்கள். அந்தக் கடைசிக் கையெழுத்து நம்ம தலைமுறையோடது.

போடுவதும் போடாததும் உங்க இஷ்டம். ஆனா எதுக்குப் போடறோம்னு தெரிஞ்சு போடலாமே!

தகரப் பெட்டிக்குள் ஒரு ராஜா

வாங்க வந்தவரின் வக்கீல், "மூலப்பத்திரம் வேணும்" என்று சொல்லியிருந்தார். அதாவது நிலம் முதன்முதலில் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று காட்டுகிற பழைய பத்திரம். அட்டாலியில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். கிஸ்து ரசீதுகள், யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகை, கூட்டுறவு சங்கத்துப் பாஸ் புத்தகம், இதற்கெல்லாம் அடியில் மஞ்சப்பை. அதற்குள் நாலாக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்துபோன ஒரு முத்திரைத்தாள். மேலே ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஜம்மென்று போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பழைய பத்திரத்தைப் படிப்பது தனி வித்தை. புள்ளி, கமா எதுவும் இருக்காது. ஒரே வாக்கியம் ரெண்டு பக்கம் ஓடும். 'ஷை' என்று அடிக்கடி வரும். பயப்படாதீங்க, 'மேற்படி' என்பதன் சுருக்கம்தான் அது. தேதிக்குப் பக்கத்தில் தமிழ் வருஷம் இருக்கும். எங்க பத்திரத்தில் வெகுதான்ய வருஷம், 1938.

படிக்கப் படிக்கத்தான் அந்த அதிர்ச்சி. பதினொன்றே கால் ஏக்கருக்கும் கொஞ்சம் அதிகம்; சரியாக 11 ஏக்கர் 40 சென்ட். பாதி வெட்டின கிணறு ஒன்று, மாமூல் வண்டித்தட பாத்தியம் உட்பட. விலை 750 ரூபாய். எழுதி வாங்கியவர் பெயர் இருக்கிற இடத்தில் எங்க பூட்டன் பெயரைத் தேடினேன். அவர் பெயர் இருந்தது. ஆனால் 'இன்னார் பெண்சாதி' என்று வருகிற இடத்தில்! அதற்கு அடுத்து இருந்தது ஒரு பெண்ணின் பெயர்.

எங்க பூட்டி. நான் ஒருதடவைகூடக் கேட்டறியாத பெயர்.

வீட்டில் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தது "பூட்டன் வாங்கின பூமி" என்பதுதான். அப்பாவைப் பார்த்தேன். அப்பா பத்திரத்தைப் பார்த்தார். "எனக்கே தெரியாது அம்மிணி" என்றார்.

ஒரே ஒரு வார்த்தை

அடுத்து கையில் கிடைத்தது 1963-ல் எழுதின பாகப்பிரிவினைப் பத்திரம். பூட்டியின் ரெண்டு பையன்கள், அதாவது எங்க அப்பாரும் (தாத்தாவை எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம்) அவரோட அண்ணனும் ஆளுக்கு 5 ஏக்கர் 70 சென்ட் பிரித்துக்கொண்ட பத்திரம். அதில் நிலத்தைப் பற்றி ஒரே வார்த்தை: 'பிதுரார்ஜிதம்'. அப்பன் வழி வந்த சொத்து என்று அர்த்தம்.

இருபத்தைந்து வருஷத்தில் வாங்கினவளின் பெயர் மறைந்துவிட்டது. யாரும் கிழிக்கவில்லை, அழிக்கவில்லை. பத்திரம் எழுதினவர் வழக்கமாக எழுதுகிற வார்த்தையை எழுதினார். ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான்.

ரெண்டு பத்திரத்தையும் வாங்கிப் பார்த்த வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "சொத்து அந்தம்மா பேர்ல இருக்குது. அவங்க எப்ப தவறினாங்க?"

"1961."

"அவங்க வீட்டுக்காரர்?"

"அதுக்கு முன்னாடியே."

"பசங்க ரெண்டு பேரு. பொண்ணு யாராச்சும் இருந்தாங்களா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "இருக்கறாங்க."

இங்கே ஒரு சின்ன சட்டப் பாடம். போரடிக்காது, ஏன்னா இது உங்க வீட்டு மேட்டராவும் இருக்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ல் வந்தது. அதற்குப்பின் ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொந்தச் சொத்து பையன், பொண்ணு, கணவர் எல்லோருக்கும் சமமாகப் போகும். அந்தக் கணக்குப்படி 11.40 ஏக்கர் மூன்று பங்கு. ஆளுக்கு 3 ஏக்கர் 80 சென்ட். அப்பாவோட அத்தைக்கும்தான். 1963-ல் அவருக்கு வயசு இருபத்திச் சொச்சம். கல்யாணமாகிப் போயிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு காமெடியும் நடந்தது. "பாப்பா, தம்பி கையெழுத்து சட்டப்படி தேவையே இல்லைங்க. தாய் வழி வந்த சொத்துல பேரப் பிள்ளைகளுக்குப் பிறப்பால பங்கு வராது. வாங்கறவங்க மனசு திருப்திக்குத்தான் கேக்கறாங்க" என்றார் வக்கீல். அதாவது, தேவையில்லாத என் கையெழுத்துக்காக சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன். தேவையாக இருந்த ஒருவரை அறுபது வருஷமாக யாரும் கூப்பிடவே இல்லை.

"இத்தனை வருஷம் ஆனதுக்கப்புறம் அவங்க கேஸ் போட்டாலும் நிக்கறது கஷ்டம். இருந்தாலும் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. வில்லங்கம் இல்லாம இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார்.

உங்க தோட்டத்து ஜாதகம்

அந்தப் பாட்டியைப் பார்க்கப் போவதற்கு முன்னால், நான் ஒரு வாரம் அலைந்து கற்றுக்கொண்டதைச் சொல்லிடறேன். நீங்க அலைய வேண்டாம்.

*முதல் படி: சர்வே நம்பர்.* மனுஷனுக்கு பேர் மாதிரி நிலத்துக்கு இது. பட்டாவிலோ பழைய ரசீதிலோ இருக்கும். அது தெரிந்தால் தமிழக அரசின் இ-சர்வீசஸ் இணையதளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு விவரம், புலப்படம் எல்லாம் செல்போனிலேயே பார்க்கலாம். ஹெக்டேர், ஏர் என்று போட்டிருக்கும். ஒரு ஏக்கர் என்றால் சுமார் 40.5 ஏர். ஒன்று மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு. யாருக்கு எப்படிச் சொத்து வந்தது என்ற கதையைச் சொல்வது பத்திரம்தான்.

*ரெண்டாம் படி: ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்று.* குடும்பத்தோட டைரி இதுதான். கடன், கல்யாணம், சண்டை எல்லாம் இதில் தேதி வாரியாக இருக்கும். சமீபத்திய சில பத்தாண்டுகளுக்கான விவரம் பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். எங்க ஈ.சி. சொன்ன கதை இது: 1974-ல் மோட்டார் வைக்க நிலவள வங்கியில் அடமானம். 1983-ல் 1 ஏக்கர் 70 சென்ட் விற்பனை; அந்த வருஷம்தான் எங்க அத்தைக்குக் கல்யாணம். 2002-ல் அதே அத்தை எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம். மூன்றே வரி, முப்பது வருஷ வாழ்க்கை.

*மூன்றாம் படி: நகல்.* பத்திரம் தொலைந்துவிட்டதா? கரையான் தின்றுவிட்டதா? நோ ப்ராப்ளம். பதிவு செய்த பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் இருக்கும். பத்திர எண்ணும் வருஷமும் சொன்னால் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

*நாலாம் படி: பழைய மாவட்டம்.* உங்க ஊர் இப்போ இருக்கிற மாவட்டத்தில் மட்டும் தேடாதீங்க. உதாரணத்துக்குத் தாராபுரம். 1979 வரை கோவை மாவட்டம். அப்புறம் பெரியார் மாவட்டம்; அதுவே பின்னாளில் ஈரோடு மாவட்டம். 2009-லிருந்து திருப்பூர் மாவட்டம். ஊர் நகரவே இல்லை, ஆனால் ஃபைல் மட்டும் ஊர் ஊராகச் சுற்றியிருக்கும்! ரொம்பப் பழைய நிலவரிப் பதிவேடுகளைத் தேடுகிறவர்கள் சென்னை எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகம் வரைக்கும் போவதுண்டு.

*அஞ்சாம் படி: வருஷக் கணக்கு.* அடங்கலிலும் கிஸ்து ரசீதிலும் 'பசலி' என்று இருக்கும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிற வருவாய்த் துறை வருஷம் அது. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அந்த வருஷம் தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி 1373 என்றால் 1963 ஜூலை. அதேபோல் தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். 'தாது வருஷம்' என்று பெரியவர் சொன்னால் 1876-ஆ, 1936-ஆ என்று கேளுங்கள். பஞ்சம் என்று சேர்த்துச் சொன்னால் அது 1876-ல் ஆரம்பித்து 1878 வரை மக்களைக் கொன்ற பெரும் பஞ்சம்.

பேப்பருக்குப் பின்னால் ஒரு ஹிஸ்டரி

ஸ்கூலில் ரயத்துவாரி முறை என்று மார்க்குக்காகப் படித்தோமே, ஞாபகம் இருக்கா? ஆங்கிலேயர்கள் ஜமீன்தார் என்ற இடைத்தரகர் இல்லாமல் விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கிய முறை. 1792-க்குப் பிறகு பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில், அலெக்சாண்டர் ரீடும் அவரிடம் வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் அதற்கு வித்திட்டார்கள். ஒவ்வொரு வயலையும் அளந்து, நம்பர் போட்டு, ஒருவர் பெயரை எழுதினார்கள். உங்க பட்டாவில் இருக்கிற பெயருக்கு கொள்ளுத்தாத்தா அந்த ஏற்பாடுதான்.

ஜமீன் கிராமமாக இருந்திருந்தால் 1948-ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் உங்க வீட்டுக்குப் பட்டா வந்திருக்கும். பெரிய பண்ணையாக இருந்திருந்தால் 1961-ல் வந்த நில உச்சவரம்புச் சட்டத்தைச் சுற்றி ஒரு கதை இருக்கும். குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர் என்று ஆரம்பித்து, 1970-ல் 15 ஆகக் குறைத்தார்கள். 1960-களில் திடீரென்று ஏகப்பட்ட சொந்தக்காரர்கள் பெயரில் நிலம் எழுதப்பட்டிருந்தால், ஏன் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

1980 வரை ஊர்க் கணக்கு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் கையில் இருந்தது. அந்த வருஷம் பரம்பரைப் பதவிகளை ஒழித்துவிட்டு, அதன்பின் வி.ஏ.ஓ.க்களை நியமித்தார்கள். அதே சமயத்தில், 1979-ல் ஆரம்பித்து 1980-களில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. 'யு.டி.ஆர்.' என்று ஊரில் சொல்வார்கள். அப்போது ஏக்கர் ஹெக்டேராக மாறியது. சில இடங்களில் பெயரும் அளவும் மாறி விழுந்தது. எங்க பட்டாவில் எட்டு சென்ட் குறைவு! உங்க பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள்.

கஷ்டமான கேள்வி ஒன்றும் இருக்கு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்கீர் 1891-ல் தலித் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசு உத்தரவு போட்டது. அதுதான் பஞ்சமி நிலம். வேறு சமூகத்தார் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. ஆனாலும் அதில் நிறைய கைமாறிப் போயிருக்கிறது. உங்க குடும்ப நிலத்தின் மூலத்தைத் தேடிப் போனால் அங்கே போய் முட்டவும் வாய்ப்பு உண்டு. முட்டினால் பெட்டியை மூடி வைக்காதீங்க. ஹிஸ்டரி என்றால் நமக்குப் பிடித்த பக்கம் மட்டுமில்லையே.

"கன்னுக்குட்டி வித்த காசு"

சரி, பாட்டிகிட்ட வருவோம்.

தாராபுரம் போகிற வழியில் ஒரு ஓட்டு வீடு. எண்பத்தைந்து வயசு. கண் கொஞ்சம் மங்கல், காது பரவாயில்லை. திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "யாரு மவ கண்ணு நீ?" என்றார். சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அப்பா எதையும் ஆரம்பிக்கத் தயங்கினார். அவர் பையில் பத்திரமும் இங்க் பேடும் இருந்தன. நான்தான் கேட்டேன். "பாட்டி, நம்ம தோட்டத்தை வாங்கினது யாரு?"

"எங்க ஆத்தாதான். வேற யாரு?" என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல.

அப்புறம் ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார். பூட்டி கல்யாணமாகி வரும்போது பொறந்த வீட்டுச் சீராக ஒரு கிடேரிக் கன்று ஓட்டி வந்தாராம். காங்கயம் மாடு. கொறங்காட்டில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்தது. அது ஈன்ற காளைக் கன்றுகளை ஜோடி சேர்த்து வளர்த்து, கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிவிட்டாராம். ஒன்பது வருஷம். வந்த காசை வீட்டுக்காரர் கையில் கொடுக்காமல் குதிருக்குள் ஒளித்து வைத்தாராம். "எங்கய்யனுக்குச் சீட்டாட்டம் கண்ணு. அவுரு கையில கொடுத்தா தங்குமா?" என்று சிரித்தார்.

பாதி வெட்டின கிணற்றை முழுசாக வெட்டினது யார் என்பதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. வெளியூரிலிருந்து வந்து குடும்பத்தோடு தோட்டத்திலேயே தங்கி, பாறை உடைத்த ஒட்டர்கள். கவலை ஓட்டினது, ஏர் பிடித்தது, வருஷக் கூலிக்கு இருந்த பண்ணையத்து ஆள். அவருடைய பெயர், அவர் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் சொன்னார். "அவன் ஓட்டாத சால் அந்தத் தோட்டத்துல ஒண்ணு இல்ல" என்றார். அந்தக் குடும்பம் இன்றும் எங்க ஊர் காலனியில்தான் இருக்கிறது. பேரன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறான். எனக்கு முகம் தெரியும். எங்க தோட்டத்தோடு அவனுக்கு இருக்கிற உறவு இதுநாள் வரை தெரியாது. எங்க ஈ.சி.யில் அவன் தாத்தா இல்லை. எந்த ஈ.சி.யிலும் இருக்க மாட்டார்.

கடைசியில் அப்பா பையைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னார். பாட்டி கொஞ்ச நேரம் புளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பங்கு கேட்பாரோ என்று அப்பா பயந்தது முகத்திலேயே தெரிந்தது.

"எங்க ஆத்தா பேரு அதுல இருக்குதா?" என்றார்.

1938 பத்திரத்தை எடுத்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன். இன்னொருதரம் படிக்கச் சொன்னார். படித்தேன். அடுத்து, 1963 பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அதையும் படித்தேன். 'பிதுரார்ஜிதம்' என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"அப்பிடி எழுதினது பொய்யில்ல?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"கையெழுத்துப் போடறேன் சாமி. எனக்கென்ன, இன்னைக்கோ நாளைக்கோ. ஆனா நீ எழுதற பத்திரத்துல இது எங்க ஆத்தா சம்பாதிச்ச பூமின்னு எழுதிக் கொண்டா. அப்பத்தான் போடுவேன்."

பஸ்ஸில் ஒரு கணக்கு

திரும்பி வரும்போது அப்பா பேசவே இல்லை. காங்கயம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதுதான் கேட்டார். "உங்க அத்தைகிட்டயும் நான் வெறும் கையெழுத்துத்தானே வாங்கினேன்?"

2002 விடுதலைப் பத்திரம். அப்பாரு இறந்த அடுத்த வருஷம். அப்பத்தாவுக்கும் அப்பாவுக்கும் அத்தைக்கும் சமபங்கு. அத்தை எழுதிக்கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். "கல்யாணத்துக்குத்தான் ஒண்ணேமுக்கா ஏக்கர் வித்தாச்சே" என்று எல்லோரும் சொன்னார்கள். நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் அந்த ஒண்ணேமுக்கால் ஏக்கர் அத்தை கைக்கு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது.

பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது அறுபது வருஷம் கழித்து, 1989-ல். அதுவும் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்தது. அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை, அது பிறப்புரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. (இதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டம். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு சட்டங்கள்.) சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் 2015-16 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பொறுப்பில் இருக்கிற நிலப் பிடிப்புகள் சுமார் 14 சதவீதம்தான். நடுவில் என்ன நடக்கிறது? எங்க வீட்டில் நடந்ததுதான். ஒரு சாப்பாடு, ஒரு புடவை, ஒரு கையெழுத்து.

என்ன ஆச்சு?

தோட்டம் இன்னும் விற்கவில்லை. விற்கவே மாட்டோம் என்று சினிமா மாதிரி சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் போர்வெல்லில் தண்ணீர் இல்லை, அப்பாவுக்கு முட்டி வலி, தம்பிக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். பாதியை விற்கலாம் என்று பேச்சு. விற்றால் வருகிற பணத்தில் பாட்டிக்கும் அத்தைக்கும் ஒரு பங்கு என்று அப்பா சொல்லியிருக்கிறார். எவ்வளவு என்பதில் இன்னும் முடிவில்லை. பெரியப்பா வீட்டில் இதனால் கொஞ்சம் புகைச்சல். அவர்களிடமும் 5.70 ஏக்கர் போனதே!

ஒன்று மட்டும் முடிவாகிவிட்டது. புதுப் பத்திரத்தின் வரைவை வக்கீல் அனுப்பியிருந்தார். சொத்து வந்த வழி எழுதுகிற பத்தியில் முதல் பெயர் பூட்டியுடையது. 'தன் சொந்த சம்பாத்தியத்தில் கிரயம் பெற்று' என்று தெளிவாக இருக்கிறது. பிரிண்ட் எடுத்து பாட்டிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன்.

இந்த லீவுல நீங்க செய்ய வேண்டியது

வீட்டில் வயசான ஒருவர் இருந்தால் முதலில் அவரிடம் உட்காருங்கள். பத்திரம் எழும்பூரில்கூடக் காத்திருக்கும், பாட்டி காத்திருக்க மாட்டார். எடுத்த எடுப்பில் "நம்ம பங்கு எவ்வளவு?" என்று கேட்காதீங்க, வீடு ரணகளமாகிவிடும். "கிணறு யாரு வெட்டினாங்க?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். செல்போனில் ரெக்கார்ட் பண்ணுங்கள். கிழிந்த பத்திரத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க.

அப்புறம் ஒரு பேப்பரில் குடும்ப மரம் வரையுங்கள். அப்பா, தாத்தா, பூட்டன் என்று கிளை கிடுகிடுவென்று போகும். ஒவ்வொரு ஆண் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் காலியாக விடுங்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கும் சில கட்டங்கள். அந்தக் காலிக் கட்டங்களை நிரப்புவதுதான் அசைன்மென்ட்.

எங்க மரத்தில் நான் நிரப்பின முதல் கட்டம் பூட்டியோடது. ரெண்டாவது, அந்தப் பண்ணையத்து ஆளோடது. போன வாரம் அவர் பேரனுக்கு போன் பண்ணி, அவன் தாத்தாவைப் பற்றிப் பாட்டி சொன்னதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம், "அந்தப் பாட்டி எங்க இருக்காங்க அக்கா? எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போய்ப் பார்க்கணும்" என்றான்.

அட்ரஸ் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள்.